மதிலுக்குள் எழுந்த வேல்ஸ் வீடு

வடக்கு வேல்ஸின் கான்வி ஊரைச் சுற்றி இன்றும் கல்மதில் நிற்கிறது. சுமார் 1.3 கிலோமீட்டர் நீளம், 21 கொத்தளங்கள். வேல்ஸை வென்ற இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு 1283-ல் தொடங்கி நான்கே ஆண்டுகளில் கோட்டையையும் மதிலையும் எழுப்பி, உள்ளே ஆங்கிலேயரைக் குடியேற்றினார். மண்ணின் மக்களுக்கு அங்கே இடமில்லை. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே மதிலுக்குள் ராபர்ட் வின் என்ற வேல்ஸ்காரர் கட்டிய வீடுதான் பிளாஸ் மவுர். அதைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

ஹை ஸ்ட்ரீட்டில் முதலில் கண்ணில் படுவது வாயில் கட்டடம். 1576-ல் வடக்குப் பகுதியில் தொடங்கிய வேலை, 1585-ல் இதைக் கட்டியதோடு முடிந்தது. கூரையின் முக்கோணச் சுவர் நேர்க்கோட்டில் சரியாமல் படிப்படியாக ஏறி உச்சியைத் தொடுகிறது. வட ஐரோப்பிய நகரங்களில் காணும் பாணி இது. வின், குவிதிரைச் சேர்ந்த வின் குடும்பத்தின் மூன்றாவது மகன். ஆங்கிலத் தூதர் சர் பிலிப் ஹோபியிடம் பணிசெய்து, ஐரோப்பாவைச் சுற்றி வந்தவர். அங்கே கண்டதையெல்லாம் ஊர் திரும்பியதும் கல்லில் கட்டிப் பார்த்திருக்கிறார்.

வாயிலைத் தாண்டி, முற்றத்தின் படிகளில் ஏறினால் வீடு. கதவு, சன்னல் சட்டங்களை மணற்கல்லில் நேர்த்தியாகச் செதுக்கியிருக்கிறார்கள். சுவரோ கரடுமுரடான உள்ளூர்க் கல். அதன்மேல் சுண்ணாம்புக் காரை பூசி வெள்ளையடித்திருக்கிறார்கள். பழைய வீடென்றால் கல் வெளியே தெரிய வேண்டும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இந்த வெள்ளை வியப்பாக இருக்கும். ஆனால் கடற்காற்றும் மழையும் ஓயாத ஊரில், ஈரத்தை உள்ளே அடைத்துவைக்காமல் வெளியே விடும் சுண்ணாம்புதான் கல்லுக்குக் கவசம். 1993 முதல் 1997 வரை வீட்டைப் புதுப்பித்த வேல்ஸ் தொல்சின்னத் துறையான காட்வ், இந்தப் பூச்சைத் திரும்பக் கொண்டுவந்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

கூடத்தில் நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. கணப்படுப்புக்கு மேலே சுவர் முழுக்கச் சுதை வேலை. சிவப்பு, பச்சை, பொன்னிறம் என்று வண்ணங்கள் கூவுகின்றன. மீந்திருந்த தடயங்களை ஆராய்ந்து மீட்ட வண்ணங்கள் இவை. வேறு சில அறைகளில் சுதையை வெள்ளையாகவே விட்டிருக்கிறார்கள். வேலைப்பாட்டை அங்கேதான் நன்றாகப் பார்க்க முடிந்தது. சன்னலின் பக்கவாட்டு வெளிச்சத்தில் முகத்தை அருகே கொண்டுபோனேன். ஒரே ரோஜா திரும்பத் திரும்ப வருகிறது, அச்சில் எடுத்தது. ஆனால் இதழோரம் ஒவ்வொன்றிலும் சற்றே மாறுகிறது. அச்சு எடுத்த பிறகு கொத்தனாரின் கை தொட்டுத் திருத்திய இடம் அது.

எங்கு திரும்பினாலும் ‘ஆர்.டபிள்யூ.’ என்ற எழுத்துகள், 1577, 1580 என்ற ஆண்டுகள், சிறகு விரித்த மூன்று கழுகுகள். அந்தக் கழுகுகள் 12-ஆம் நூற்றாண்டில் குவினெத் நாட்டை ஆண்ட ஒவைன் குவினெத்தின் சின்னம். தாங்கள் அவர் வழிவந்தவர்கள் என்பது வின் குடும்பத்தின் பெருமை. கூடவே முதலாம் எலிசபெத் அரசியின் சின்னமும் இருக்கிறது. அவருடைய டியூடர் அரச வம்சத்துக்கும் வேல்ஸ்தான் பூர்வீகம். விருந்துக்கு வந்தவர் நாற்காலியில் அமர்வதற்குள் வீட்டுக்காரரின் குலம், விசுவாசம் இரண்டையும் சுவரிலேயே படித்துவிடலாம்.

சுழற்படிகளில் மாடிக்கும், அங்கிருந்து கோபுரத்துக்கும் ஏறினேன். ஒரு பக்கம் எட்வர்டின் கோட்டை, மறுபக்கம் ஆற்று முகத்துவாரம். வீட்டுக்காரர் தினமும் பார்த்த காட்சி.

வின் 1598-ல் இறந்தார். அவருடைய சிக்கலான உயிலால் எழுந்த வழக்கு 1630 வரை இழுத்தது. அதனால் வீட்டை இடித்துக் கட்ட யாருக்கும் வழியில்லாமல் போயிற்று. பிறகு மோஸ்டின் குடும்பத்தின் சொத்தாகி, பள்ளிக்கூடமாகி, மலிவு வாடகைக் குடியிருப்பாகி, 1880-களில் ஓவியர் கழகத்தின் இருப்பிடமாயிற்று. வசதியானவர்கள் கையில் இருந்திருந்தால் நாகரிகத்துக்கேற்ப மாற்றியிருப்பார்கள்.

கான்விக்கு வருகிறவர்களில் பலர் கோட்டையோடு திரும்பிவிடுகிறார்கள். ஊரை வென்றவரின் கட்டடம் அது. வெளியே நிறுத்தப்பட்டவர்களின் வழித்தோன்றல் உள்ளே வந்து எப்படி வாழ்ந்து காட்டினார் என்பதைச் சொல்வது இந்த வீடு. இரண்டையும் பார்த்தால்தான் கான்வியின் கதை முழுமையாகும்.