கலவானைச் சுவர்கள்

அன்புள்ள மதி,

இரத்தினபுரியிலிருந்து நிவித்திகல வழியாகக் கலவானை வந்து சேர்ந்தேன். ஒரு பக்கம் இறப்பர், மறுபக்கம் தாழ்நிலத் தேயிலை, இடையிடையே மாணிக்கக் குழிகள். அப்பால் சிங்கராஜ வனம். 2017 மே வெள்ளத்திலும் மண்சரிவிலும் இந்த ஊர் பட்ட பாடு உனக்கு நினைவிருக்கும். இந்த ஈரத்தில் எந்தச் சுவரும் நாலு மாரி தாண்டினால் பச்சை பிடித்துவிடுகிறது. வழியில் ஒரு மதிலில் பழைய சித்திரம் ஒன்றைப் பார்த்தேன். பாசிக்கு மேலே ஓர் அரசனின் கிரீடமும் யானையின் தும்பிக்கையும் மட்டும் மிஞ்சியிருந்தன.

2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடெங்கும் இளைஞர்கள் வாளியும் தூரிகையுமாகத் தெருவில் இறங்கினார்களே, அந்தக் காலத்துச் சித்திரமாகத்தான் இருக்க வேண்டும். அப்போது வரைந்தவர்களைச் சுற்றிக் கூட்டம் நின்றது. வரைவதே ஊர் பார்க்கும் ஆட்டமாக இருந்தது. அந்த உற்சாகத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பல சுவர்களில் வந்தவர்கள் பழைய மன்னர்களும் போர்வீரர்களும் மட்டும்தானா என்று அப்போதே கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வி சரியானது.

ஆட்களைக் கூட்டிவைத்து வரைவதை ஐரோப்பா பெரிய புதுமையாகக் கொண்டாடியது. 1956இல் பாரிஸ் நாடக அரங்கொன்றில் ஜார்ஜ் மத்தியூ பார்வையாளர் முன்னால் 12 மீட்டர் நீளத் திரையில் வண்ணக் குழாய்களைப் பிதுக்கி ஓடி ஓடி வரைந்தார். 1960இல் ஈவ் க்ளைன் நீல வண்ணம் பூசிய பெண்களின் உடல்களையே தூரிகையாக்கினார். பக்கத்தில் வாத்தியக் குழு ஒரே சுரத்தை வாசித்தது. இந்தச் சப்ரகமுவவிலோ பலிச் சடங்கு அவர்களுக்கெல்லாம் மூத்தது. மூங்கில் சட்டத்தில் களிமண் அப்பிக் கிரக தேவதைகளைப் புடைப்புருவமாகச் செய்து, வண்ணம் தீட்டி நிமிர்த்துவார்கள். அந்த உருவங்களின் முன்னால் இரவெல்லாம் தவுல் முழங்க ஆட்டம் நடக்கும். சடங்கு முடிந்தால் அவற்றின் வேலையும் முடிந்தது, கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள். அத்தனை உழைப்பும் ஓர் இரவுக்கு.

இதற்கு நேரெதிரானது விகாரைகளின் நேத்திர மங்கல்யம். சிலை முழுக்க முடிந்து கண் மட்டும் மிச்சமிருக்கும். குறித்த சுபவேளையில் சித்திரக்காரர் சிலைக்கு முதுகு காட்டி நின்று, கண்ணாடியில் மட்டும் பார்த்துத் தோளுக்கு மேலாகத் தூரிகையை நீட்டிக் கண்ணை வரைவார். அந்த முதற்பார்வை ஆளைத் தாக்கும் என்பது நம்பிக்கை. அதனால் அவர் கண்ணைக் கட்டி வெளியே அழைத்து வருவார்கள். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட சிங்களக் கலை பற்றிய நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். நம் கோயில்களில் ஸ்தபதி பொன்னுளியால் கண் திறப்பதும் இதே குடும்பம்தான். கண் எழுதுவது சில நிமிட வேலை. அதற்குப் பிறகு அந்தச் சிலையை நூற்றாண்டுகளாக ஓர் ஊர் காக்கும். வண்ணம் மங்கினால் மறுபடி தீட்டும். பொரளை கோதமி விகாரையில் ஜோர்ஜ் கீற் 1939-40இல் தீட்டிய சுவர்கள் இன்றும் நிற்பதற்கும் இதுவே காரணம் என்பேன். சுவருக்கு ஆள் இருந்தால் சித்திரத்துக்கும் ஆள் இருக்கும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று நம் பெரியவர்கள் சொன்னதை நேற்று ஒரு தோட்டத்து லயத்தின் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தபோது நினைத்துக்கொண்டேன். 10க்கு 12 அடிக் காம்பரா. சுவரில் கரித்துண்டால் ஒரு பிள்ளை வரைந்த பஸ், பெரிய சில்லுகளோடு. அந்தச் சுவர் அங்கே குடியிருப்பவர்களுடையது இல்லை; தோட்டத்துடையது. 2023இல் மலையகத் தமிழர் இங்கு வந்து 200 ஆண்டு என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோம். அத்தனை தலைமுறை கழிந்தும் குடியிருக்கும் சுவருக்கு உறுதிப் பத்திரம் இல்லாத குடும்பங்கள்தான் இங்கே அதிகம். இந்த மாவட்டத்தில் இன்னொன்றும் உண்டு. 1977இலும் 1981இலும் இரத்தினபுரித் தோட்டங்களில் தமிழர் அடிபட்டார்கள். எத்தனையோ குடும்பங்கள் வன்னிக்குப் போயின. நாளை இருப்போமா என்று தெரியாதவர் சுவரில் எதை வரைவது?

அதனால்தான் இந்தச் சனத்தின் கலையெல்லாம் சுமந்துபோகக் கூடியதாக ஆனது என்று தோன்றுகிறது. காமன் கூத்தைப் பார். மாசியில் கம்பம் நட்டு, முகத்தில் அரிதாரம் பூசி, ரதியும் மன்மதனுமாக லயம் லயமாக ஆடி, கடைசியில் காமனை எரிக்கிறார்கள். அந்த முகங்கள் தீட்டப்படுவதைப் பார்க்கவே பிள்ளைகள் முண்டியடிப்பார்கள். விடிந்தால் கழுவிவிடுவார்கள். அது போதாது என்கிறேன் நான். நிற்கிற ஒன்றும் வேண்டும்.

இங்கே மாரியம்மன் கோயில் ஒன்று உண்டு. ஊரார் தங்கள் சம்பளத்தில் காசு சேர்த்துக் கட்டியது. தோட்டத்தில் அவர்களுடையது என்று சொல்லக்கூடிய சுவர் அது ஒன்றுதான். கோயில் கமிட்டித் தலைவரிடம் பேசினேன். வெளிச்சுவரில் வரையலாம், திருவிழாவில் ஊர் பார்க்கப் பார்க்க வரையலாம், பிள்ளைகளும் கை வைக்கலாம் என்கிறார். அம்மன் படம் மட்டும் போதாதா என்று ஒரு பெரியவர் கேட்டார். கொழுந்து நிறுக்கிற தராசையும், காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக் களத்தையும் வரையச் சொன்னார்கள் பெண்கள். அவர்கள் பக்கம் நான்.

நீ வர வேண்டும். சுவர் ஏறக்குறைய முப்பது அடி, சுண்ணாம்பு பூசியது, மேற்குப் பக்கம் சாரல் அடிக்கிறது. பழைய சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டுச் சீமெந்து பூச வேண்டுமா, எந்த வண்ணம் இந்த மழைக்குத் தாங்கும், பாசிக்கு என்ன பூசுவது என்று எழுது. கமிட்டி கூடுவதற்கு முன் கணக்குக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
செல்வி