வெளியே சொட்டாத துளை

பழைய டீசல் வண்டி ஒரே நாளில் கெடுவது அரிது. அறிகுறி காட்டிவிட்டே நிற்கும். நம் பங்கின் வேன் காலையில் நெடுநேரம் சுழன்ற பிறகே உயிர்பெற்றது, மேட்டில் திணறியது, ஓடும்போதே திடீரென அடங்கியது. கிளைக்கிராமத்து நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதும், நள்ளிரவில் நோயில்பூசுதலுக்கு நாம் விரைவதும் இந்த வண்டியில்தான். பட்டறையிலோ, பம்பையும் நாசில்களையும் மாற்றச் சொன்னார்கள். மக்களின் காணிக்கையில் ஓடும் வண்டிக்கு அது தாங்கொணாச் செலவு.

டீசல் செல்லும் வழியை அறிந்தால் ஆராயும் வழியும் புலப்படும். ஃபீட் பம்பு தொட்டியிலிருந்து டீசலை உறிஞ்சுகிறது, பில்டர் வடிகட்டுகிறது, இன்ஜெக்‌ஷன் பம்பு பேரழுத்தத்தோடு நாசில்களுக்கு அனுப்புகிறது. டீசல் எளிதில் சுருங்காது; காற்று சுருங்கும். குமிழிகள் புகுந்துவிட்டால் பம்பின் வலிமை அவற்றைச் சுருக்குவதிலேயே வீணாகி, நாசில் திறவாது. இதையே மெக்கானிக்குகள் 'ஏர் பிடித்துவிட்டது' என்பர்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பம்புக்குப் பின்னே துளை இருந்தால் டீசல் சொட்டும். உறிஞ்சும் பக்கத்தில் இருந்தால், வண்டி ஓடும்போது சொட்டு டீசலும் வெளிவராமல் காற்று உள்ளே நுழையும். உலர்ந்த குழாயைக் கண்டு அங்கே குறையில்லை என்று எண்ணிவிடலாகாது.

எனவே தொட்டியிலிருந்தே தொடங்குவது நன்று. மூடியின் காற்றுத்துளை அடைபட்டால் டீசல் வராது. மூடியைத் தளர்த்தியதும் வண்டி சீராக ஓடினால் காரணம் அதுவே. அடுத்து, பில்டரின் அடியில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட வேண்டும். பாதி காலியான தொட்டியில் இரவுக் குளிரில் ஈரம் படியும். டீசலைவிடக் கனமானதால் அது அடியில் தங்கும். பின்னர், ஃபீட் பம்புக்கு முன்னே, டீசலைத் தாங்கும் நிறமற்ற டியூப் ஒன்றைத் தற்காலிகமாகப் பொருத்திப் பார்க்கலாம்.

நம் வண்டியில் அந்த டியூப் வழியே குமிழிகள் ஓடுவதைக் கண்டோம். வெடிப்புற்ற ரப்பர்க் குழாயையும் தேய்ந்த செம்பு வாஷரையும் மாற்றினோம். பில்டரின் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரையின்றி டீசல் வரும்வரை கைப்பம்பை அழுத்தி, மீண்டும் முடுக்கினோம். வண்டி முதல் சுழற்சியிலேயே புறப்பட்டது. செலவு சில நூறு ரூபாய்தான்.

ஓர் எச்சரிக்கை: ஓடும் இன்ஜினில் நாசில் குழாயின் கசிவை ஒருபோதும் விரலால் தடவிப் பார்க்காதீர்கள். அங்கே பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் பாயும். காயம் சிறிதாகத் தோன்றினும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களே, பம்பைக் கழற்ற இசையுமுன் தொட்டியின் மூடியையும் பில்டரையும் அந்த மலிவான ரப்பர்க் குழாயையும் பார்த்துவிடுங்கள். வெளியே சிந்துவது எவர் கண்ணிலும் படும். உள்ளே நுழைவதைக் காணப் பொறுமை வேண்டும்.