ஒரு செடியும் மூன்று செம்பும்

உங்கள் வீட்டு மொட்டை மாடியில், தொட்டியில் ஓர் எலுமிச்சைச் செடி இருக்கிறதா? இருந்தால், அதற்குத் தினம் யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று முதலில் விசாரித்து விடுங்கள். "எல்லோரும்தான் ஊற்றுகிறோம்!" என்று பெருமையாகப் பதில் வந்தால், செடிக்கு ஆபத்து நெருங்கி விட்டது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆயிற்று.

நாங்கள் இருப்பது மறைமலை நகரில். தாம்பரத்தைத் தாண்டிச் செங்கற்பட்டுக்குப் போகும் மின்சார ரயிலில், காட்டாங்கொளத்தூருக்கும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் நடுவில் இறங்க வேண்டும். தனித்தமிழில் கொண்ட பற்றினால், வேதாசலம் என்ற தம் பெயரையே மறைமலை என்று மாற்றிக் கொண்ட அடிகளின் பெயரைத் தாங்கிய ஊர். அப்பேர்ப்பட்ட ஊரில் உட்கார்ந்து கொண்டு 'வாஸ்தவம்', 'ஜாஸ்தி' என்றெல்லாம் எழுதுகிறேனே என்று எனக்கே கொஞ்சம் கூச்சந்தான். பழக்க தோஷம், மன்னித்துக் கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரருக்கு ஒரகடம் பக்கம் தொழிற்சாலையில் வேலை. ஒரு வாரம் பகல் ஷிப்டு, ஒரு வாரம் இரவு ஷிப்டு. எனக்குப் பட்டணத்தில் பத்திரிகை ஆபீஸ். மாமா காலமான பிறகு, மதுராந்தகத்துக்குத் தெற்கே இருந்த கிராமத்து வீட்டை விற்றுவிட்டு அத்தையை எங்களோடு அழைத்து வந்தோம். வரும்போது அவர் கொண்டு வந்தவை ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பித்தளை அண்டா, ஓர் எலுமிச்சைச் செடி. கிணற்றடியில் மாமா நட்டு வளர்த்த மரத்தில் பதியன் போட்டு எடுத்த செடி அது. வீடு போய்விட்டது, கிணறு போய்விட்டது, மரமும் போய்விட்டது. பாக்கி இருந்தது அந்தச் செடி ஒன்றுதான்.

மாடியில் பெரிய தொட்டி ஒன்றில் அதை வைத்தோம். மூன்று மாதம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு இலைகள் வாடித் தொங்க ஆரம்பித்தன. அப்புறம் மஞ்சளாகிக் கொட்ட ஆரம்பித்தன.

"பிறந்த மண்ணை விட்டு வந்தா இப்படித்தான் கண்ணு. வேர் பிடிக்காது" என்றார் அத்தை.

அவர் செடியைப் பற்றி மட்டும் பேசவில்லை என்று எனக்குப் புரிந்தது. அன்று இரவு தம் பிள்ளையிடம், "ஊர்ல யார் வீட்டிலயாவது ஒரு ரூம் பார்த்து என்னை விட்டுடேன்டா" என்று அவர் மெதுவாகச் சொன்னதும் என் காதில் விழுந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நர்சரி வைத்திருக்கும் பெரியவர் ஒருவரைத் தேடிப் போய்ச் சமாசாரத்தைச் சொன்னேன். அவர் உரம், மருந்து என்று எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. "யாரும்மா தண்ணி ஊத்தறது?" என்று ஒரே கேள்விதான் கேட்டார்.

"நான்தான், சாயங்காலம்" என்றேன். வீட்டுக்கு வந்து விசாரித்தால், விடியற்காலையில் அத்தை ஒரு செம்பு ஊற்றுகிறாராம். ஷிப்டு முடிந்து வரும் என் வீட்டுக்காரர், 'அம்மா செடியாயிற்றே' என்று ஒரு செம்பு ஊற்றிவிட்டுத்தான் தூங்கப் போகிறாராம். ராத்திரி ஏழு மணிக்கு ஆபீசிலிருந்து வந்து நான் ஒரு செம்பு! செடி வாட வாட, மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் இன்னும் ஜாஸ்தியாக ஊற்றியிருக்கிறோம். கேட்டீர்களா இந்த அநியாயத்தை?

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வேருக்குத் தண்ணீர் வேண்டும் என்பது நமக்குத் தெரியும். காற்றும் வேண்டும் என்பதைத்தான் மறந்து விடுகிறோம். மண்ணின் இடுக்குகளில் எப்போதும் தண்ணீரே நிறைந்திருந்தால் வேருக்கு மூச்சு முட்டும், பிறகு அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஆகவே, தண்ணீருக்கு நடுவில் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடுகிறது. பார்ப்பவர்களுக்கோ, தண்ணீர் போதாமல் வாடுவது போலத் தோன்றும். உடனே இன்னொரு செம்பு!

அன்று மாலை வெயில் தாழ்ந்ததும் தொட்டியைச் சாய்த்துச் செடியை வெளியே எடுத்தோம். குப்பென்று ஒரு நாற்றம். பாதி வேர்கள் கறுத்துக் கொழகொழவென்று இருந்தன. அடியில் இருந்த ஒரே துவாரமும் சிமெண்டுத் தரையோடு ஒட்டி அடைத்துக் கிடந்தது. அத்தை ஒன்றும் பேசவில்லை. கறுத்த வேர்களைக் கத்தரித்து எறிந்துவிட்டு, வெள்ளையாகத் திடமாக இருந்தவற்றை மட்டும் விட்டேன். வேர் குறைந்ததால், மேலே கிளைகளையும் கொஞ்சம் கழித்துவிட்டேன்.

புதுத் தொட்டி வாங்குவதில் ஒரு சண்டை. பழைய சாமான் கடையில் நீல நிற டிரம் மலிவாகக் கிடைக்கிறது என்றார் என் வீட்டுக்காரர். எங்கள் பக்கம் தொழிற்சாலைகள் ஜாஸ்தி. இந்த டிரம்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அதில் முன்பு என்ன ரசாயனம் இருந்ததோ, யார் கண்டார்கள்? நாளைக்கு அந்தப் பழத்தைப் பிழிந்து குடிக்கப் போகிறவர்கள் நாம்தானே! மண் தொட்டியே வாங்கினோம். அதன் சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகும். நம்மைப் போல் கை தாராளமானவர்களுக்கு ஏற்றது. செடி சிறுத்துவிட்டதால் தொட்டியும் ஓர் அளவு சிறியது. சின்ன வேருக்குப் பெரிய தொட்டி கொடுத்தால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கி மறுபடியும் பழைய கதைதான்.

செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, இதுதான் கலவை. துவாரத்தின் மேல் ஓர் ஓட்டுச் சில்லு போதும். அடியில் அரை அடிக்கு ஜல்லி கொட்டினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பலருக்கு அபிப்பிராயம். வாஸ்தவத்தில், தண்ணீர் ஜல்லிக்கு மேலே உள்ள மண்ணிலேயே தங்கிவிடும். வேருக்கு இடம் குறைவதுதான் மிச்சம். தண்டு முன்பு எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நடுங்கள். தண்டைச் சுற்றி மண்ணைக் குவித்தால் பட்டை அழுகிப் பிசின் வடியும். தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தரைச் சூடும் தாக்காது, துவாரமும் அடைபடாது. இப்படி நோய்ப்பட்ட செடிக்குப் புதுத் தளிர் வரும் வரை மேற்கொண்டு உரம் வேண்டாம். காய்ச்சல்காரருக்கு விருந்து வைப்பதுண்டா?

வேரைப் பார்ப்பதற்கென்றே ராஜாங்கத்தில் ஒரு வசதி செய்திருந்தார்கள். பிரான்ஸ் தேசத்தில் பதினான்காம் லூயி மன்னர் வெர்சேல்ஸ் அரண்மனையில், குளிர்காலத்தில் ஆரஞ்சு மரங்களை வைப்பதற்காக 1684-க்கும் 1686-க்கும் இடையில் ஒரு பெரிய மாளிகையே கட்டினார். மரங்கள் எல்லாம் சதுரப் பெட்டிகளில். அந்தப் பெட்டியின் பக்கப் பலகைகளைத் திறந்து வேரைக் கவனிக்கலாம், மண்ணை மாற்றலாம். நமக்குத் திறக்கும் பெட்டி இல்லாவிட்டால் என்ன? இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை, கோடை உச்சம் இல்லாத சமயமாகப் பார்த்துச் செடியை எடுத்து, சுற்றிச் சுற்றி வளர்ந்த வேரைக் கொஞ்சம் கழித்துப் புது மண் போட்டால் போதும்.

சரி, தண்ணீர்? கடிகாரத்தைப் பார்த்து ஊற்றாதீர்கள். விரலை விட்டுப் பாருங்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் நுழைத்து, ஈரம் ஒட்டினால் செம்பைக் கீழே வைத்துவிடுங்கள். காய்ந்திருந்தால், அடியில் வடிகிற வரை தாராளமாக ஊற்றுங்கள். தட்டில் வடிந்ததைக் கொட்டிவிடுங்கள். கத்திரி வெயிலில் தினமும் வேண்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பல நாட்கள் சேர்ந்தாற்போல் ஒரு சொட்டுக்கூட வேண்டியிராது. அடியோடு காயப் போட்டுவிட்டுத் திடீரென்று கொட்டினாலும் பூவும் பிஞ்சும் உதிரும். ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்து, மண்மேல் வெள்ளை பூத்தால், எப்போதாவது நிறையத் தண்ணீர் விட்டு உப்பை அலசி வடிய விடுங்கள். மழை நீர் பிடித்து வைத்தால் இன்னும் விசேஷம்.

மஞ்சளிலும் இரண்டு தினுசு உண்டு. அடி இலைகள் முழுதும் மஞ்சளானால் தண்ணீர்க் கோளாறாக இருக்கலாம், அல்லது தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் பெரும்பாலும் இரும்புச் சத்து எட்டவில்லை என்று பொருள். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த தண்ணீரில் இது சகஜம்.

கடைசியாக, எங்கள் வீட்டில் ஒரு சட்டம் போட்டோம். செடிக்கு இனி ஒருவர்தான் தண்ணீர் ஊற்றுவது. யார்? "அத்தை, நீங்கதான்" என்றேன். "எனக்கென்ன தெரியும்? நானும் சேர்ந்துதானே அழுக வச்சேன்" என்றார். "மாமா மரத்தில் பதியன் போட்டது யாராம்?" என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. மறுநாள் காலை எட்டிப் பார்த்தால், தொட்டி மண்ணில் விரலை விட்டபடி குந்தி உட்கார்ந்திருந்தார்.

நாற்பது நாள் ஒன்றும் நடக்கவில்லை. மொட்டைக் குச்சி மொட்டைக் குச்சியாகவே நின்றது. எனக்கு நம்பிக்கை போய்விட்டது, அவருக்குப் போகவில்லை. ஒரு நாள் நான் ரயிலுக்கு ஓடுகிற அவசரத்தில், "இங்க வா கண்ணு!" என்று கூப்பிட்டார். கணுவில் கடுகளவு பச்சை. ரயில் தவறிவிட்டது, பரவாயில்லை.

இப்போது செடி என் இடுப்பு உயரம். பறவை எச்சம் போல இலைமேல் ஒட்டியிருக்கும் பட்டாம்பூச்சிப் புழுக்களை அத்தை பொறுக்கியெடுத்துப் பக்கத்துக் கறிவேப்பிலைச் செடியில் விட்டுவிடுகிறார். அங்கேயும் அவை தின்று வளரும். முதல் ஈட்டில் ஒன்பது காய். எதிர் வீட்டுக்கு இரண்டு, கீழ் வீட்டுக்கு இரண்டு என்று கொடுத்துப் பழகிக் கொண்டுவிட்டார். மாலையில் மாடியில் அவரைத் தேடி இரண்டு பேராவது வருகிறார்கள். ஊரில் ரூம் பார்க்கும் பேச்சை அப்புறம் அவர் எடுக்கவே இல்லை. நாங்களும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டுச் செடியும் வாடியிருக்கிறதா? செம்பை எடுப்பதற்கு முன்னால் விரலை விட்டுப் பாருங்கள். வீட்டில் இன்னும் யார் யார் ஊற்றுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டும் வையுங்கள்.