காலியாக இருந்த ஓர் இடம்

அப்பா விட்டுச்சென்ற டிரேக் ஆர்-4பி, 1960களின் பிற்பகுதியில் ஓஹியோவில் உருவான வானொலிப் பெட்டி. அதில் கேட்க விரும்பும் ஒவ்வொரு 500 கிலோஹெர்ட்ஸ் பகுதிக்கும் தனித்தனியே குவார்ட்ஸ் படிகம் வேண்டும். பகுதியின் தொடக்க அலைவெண்ணோடு 11.1 மெகாஹெர்ட்ஸைக் கூட்டினால் படிகத்தின் அலைவெண் கிடைத்துவிடும். 31 மீட்டர் ஒலிபரப்புகளில் பெரும்பாலானவை அடங்கும் 9.5 முதல் 10 வரையிலான பகுதிக்கு 20.6. அந்தப் படிகம் அப்பாவுக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை. அதற்கான இடம் காலியாகவே இருந்தது.

எஸ்ஐ5351 சில்லு கொண்ட அலைவெண் தொகுப்பியை வெளியிலிருந்து அங்கே இணைப்பதென்று பிள்ளைகள் நாங்கள் முடிவுசெய்தோம். பெட்டியில் ஒரு துளைகூட விழக்கூடாது என்பது அம்மாவின் நிபந்தனை. ஆகவே சிறு மின்தேக்கி ஒன்றின் வழியாக, படிகம் செருகும் இடத்திலேயே கம்பியைச் செருகினோம். முதல் இரவு, இருக்கக்கூடாத இடங்களிலெல்லாம் நிலையங்கள் கேட்டன. சில்லு தருவது சதுர அலை. அதன் மடங்கு அலைவெண்களும் உள்ளே நுழைந்திருந்தன. வடிகட்டி ஒன்றைச் சேர்த்ததும் அவை அடங்கின.

தொகுப்பி செய்வது படிகத்தின் வேலையை மட்டுமே. அந்தப் பகுதிக்குள் நிலையத்தைத் தேடுவது இன்னும் பழைய குமிழ்தான். அம்மா அதைத் திருப்பினார். புரியாத மொழியில் ஒரு பெண்குரல்.

"இதைத்தான் அவர் தேடினாரா?" என்றார்.

எங்களிடம் பதில் இல்லை. கம்பியை உருவிவிட்டால் பெட்டி மறுபடி அப்பா வைத்திருந்த நிலைக்கே திரும்பிவிடும். அன்றிரவு நாங்கள் உருவவில்லை.