கிராஞ்சியிலிருந்து திருச்சி எவ்வளவு தூரம்?

“திருச்சிதானே, நாலு மணி நேரம்!” என்று சொல்லிச் சொல்லியே நமக்குப் பழகிவிட்டது. சாங்கிக்கும் திருச்சி விமான நிலையத்துக்கும் இடையே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். கணக்கு சரிதான். ஆனால் அப்பத்தா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, மறுநாள் காலை அறுவை சிகிச்சை என்று போன் வந்த அன்றுதான், அந்தத் தூரத்தை வீட்டு வாசலிலிருந்து எண்ணிப் பார்த்தேன்.

மாலை 7.30 மணி விமானத்தில் ஓர் இருக்கை கிடைத்தது. கிராஞ்சியில் பிற்பகல் 3 மணிக்கு ரயில் ஏறினேன். நேர்கோட்டில் பார்த்தால் சாங்கி 30 கிலோமீட்டர்கூட இல்லை. சிட்டி ஹாலில் மாறி, தானா மேராவில் மறுபடியும் மாறிப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம்.

கயிறு கட்டிய பெட்டியோடு எதிரில் ஒரு தம்பி. சுங்கே காடுட் பக்கம் விடுதியில் தங்கி வேலை பார்ப்பவர். ஊர் பட்டுக்கோட்டை அருகே. விஷயத்தைச் சொன்னதும், “சீக்கிரம் கிளம்பிட்டீங்க, நல்லதுண்ணே” என்றார். அவருடைய அப்பா தவறியபோது லீவு சொல்லி, டிக்கெட் கிடைத்து, ஊர் போய்ச் சேர இரண்டு நாள் ஆகிவிட்டதாம். “பிளேன் நாலு மணி நேரந்தாண்ணே. பிளேன்ல ஏறுறதுதான் தூரம்.”

என் தாத்தா ரஜுலா கப்பலில் வந்தவர். நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வர ஒரு வாரம் போல ஆகுமாம். அவருடைய அம்மா இறந்த கடிதம் கைக்கு வந்தபோது, அங்கே பதினாறாம் நாள் காரியமே முடிந்திருந்தது. இங்கேயே மொட்டை போட்டுக்கொண்டு, மறுநாள் வேலைக்குப் போனார் என்று அப்பத்தா சொல்லியிருக்கிறார்.

திருச்சியில் இறங்கியபோது அங்கே மணி 9.10. கோபுரத்தை நினைவூட்டும் முகப்போடு 2024-இல் பயன்பாட்டுக்கு வந்த புது முனையம். நின்று பார்க்க நேரமில்லை. குடிநுழைவு, பெட்டி எல்லாம் முடித்து வெளியே வர 10 மணி. புதுக்கோட்டை தாண்டி அறந்தாங்கிக்குக் காரில் இன்னும் 80 கிலோமீட்டர். மருத்துவமனை வாசலில் இறங்கியபோது நள்ளிரவு 12; சிங்கப்பூரில் பின்னிரவு 2.30. ஆக மொத்தம் பதினொன்றரை மணி நேரம். அதில் வானத்தில் பறந்தது மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட.

அப்பத்தா விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

“எப்ப கெளம்புன?”

“மத்தியானம் 3 மணிக்கு அப்பத்தா.”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து விரல் விட்டு எண்ணினார். “ஒம்பது மணி நேரத்துல வந்துட்டியா! ஒங்க தாத்தா ஒரு வாரம் வருவாரு.”

இரண்டு ஊருக்கும் நடுவே இரண்டரை மணி நேர வித்தியாசம் இருப்பதை நான் சொல்லவில்லை. ஒன்பது மணி நேரமாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

காலையில் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கிராஞ்சி திரும்பியதும் முதல் வேலையாக வீட்டில் எல்லாருடைய கடப்பிதழிலும் காலாவதித் தேதியைப் பார்த்தேன். அவசரத்துக்கு ஒரு டிக்கெட் பணத்தைத் தனியாக எடுத்தும் வைத்தேன். ஊருக்கான தூரத்தில் நம் கையில் இருப்பது அந்தப் பகுதி மட்டும்தான்.