கொல்லைப்புறத்து வேட்டைக்காரர்

வேட்டைப் பறவைகளைக் காண இமயமலைக்கு யாத்திரை போக வேண்டியதில்லை. ஒரு கிணறும், முருங்கையும், கிளை விரித்த மாமரமும் உள்ள கொல்லை போதும். கும்பகோணத்தைச் சுற்றிய காவேரிக் கரைக் கிராமங்களில் இன்னமும் அத்தகைய கொல்லைகள் இருக்கின்றன.

அங்கே ராஜ்யம் செய்வது வல்லூறு. புறா அளவுதான், சாம்பல் முதுகு, மார்பில் செம்பழுப்புக் கோடுகள். ஆணுக்குக் கண் குங்குமச் சிவப்பு. பெட்டை ஆணைவிடப் பெரியது. ஸ்கைலார்க்கைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்ட நம்மில் அநேகருக்கு இதன் பெயர் தெரியாது! 1941-ல் ஸாலிம் அலியின் பறவைப் புத்தகம் வந்தும், வல்லூறையும் பருந்தையும் ஒன்றென்றே நினைக்கிறோம்.

பருந்து வானத்தில் வட்டமிட்டுத் தன் வரவைப் பறைசாற்றும். வல்லூறோ இலைகளின் நடுவே அசையாமல் உட்கார்ந்திருக்கும். கொல்லை திடீரென்று நிசப்தமாகும். அணில் மட்டும் வாலை உதறிக் கீச்சிடும். அப்போது நிமிர்ந்து பார்க்க வேண்டும். சாம்பல் நிறக் கோடு ஒன்று தரையை ஒட்டிப் பாயும். மறுகணம் ஓணானோ, தவிட்டுக் குருவியோ அதன் காலில் தொங்கும். பல தடவை வெறுங்காலோடும் திரும்புவதுண்டு.

பருந்தின் வீறாப்பும் கரிச்சானிடம் செல்லாது. தன் கூட்டருகே வந்த பருந்தை, அந்தச் சிறு பட்சி முதுகில் கொத்திக்கொண்டே துரத்தும் காட்சி கண்கொள்ளாக் காட்சி!

சென்ற சித்திரையில் எங்கள் மாமரத்தில் வல்லூறு கூடு கட்டியது. அடுத்த வீட்டுப் பாட்டி கோழி வளர்த்து முட்டை விற்று ஜீவனம் செய்பவள்.

"கூட்டைக் கலைச்சுப் போடு, தம்பி! என் குஞ்சு அஞ்சும் அதுக்குத்தான் இரையாப் போச்சு" என்றாள்.

மரத்தடியில் தேடினேன். ஓணான் வால், தவிட்டுக் குருவி இறகு, அணில் மயிர் கிடந்தன. கோழிக் குஞ்சின் தூவி ஒன்றுகூட இல்லை. வல்லூறும் எப்போதாவது குஞ்சைத் தூக்கும், பொய் சொல்வானேன்? ஆனால் தெருவுக்கு மேலே தினந்தோறும் வட்டமிட்டது பருந்து. தவிர, 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டுப் பறவையின் கூட்டைச் சேதப்படுத்துவதும் வேட்டையாடுவதாகவே கொள்ளப்படும். வல்லூற்றுக் குஞ்சுகள் பறக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதுவரை மிஞ்சிய கோழிக் குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைக்கும்படி கேட்டுக்கொண்டேன்.

பாட்டி பரணிலிருந்து பஞ்சாரத்தை இறக்கித் தூசி தட்டினாள். "ஒரு மாசம் பார்ப்பேன். அப்புறம் உன் சட்டமாச்சு, நானாச்சு!" என்றாள்.