வியாசர்பாடியிலிருந்து தொடங்கிய கணக்கு

வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் இறங்கி ரவீஸ்வரர் கோயிலுக்கு வழி கேட்டேன். பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா கை நீட்டிக் காட்டினார். நவாப் காலத்தைப் பற்றி எழுத வந்திருக்கிறேன் என்றதும், "நவாபா? அதெல்லாம் திருவல்லிக்கேணி பக்கம் போய்க் கேளு தம்பி, இங்க இன்னா கீது?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். இங்கே நவாப் கட்டிய மாளிகை எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆனால் சென்னையைச் சுற்றி நவாப் ஆட்சி கைநழுவத் தொடங்கிய இடங்களில் இந்த ஊரும் ஒன்று. 1708இல் மொகலாயர் சார்பில் ஆண்ட கர்நாடக நவாப் தாவூத் கான், கிழக்கிந்தியக் கும்பெனியின் சென்னை கவர்னர் தாமஸ் பிட்டுக்கு ஐந்து கிராமங்களைக் கொடுத்தார்: திருவொற்றியூர், சாத்தங்காடு, கத்திவாக்கம், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி. ஆறு ஆண்டுகளுக்கு முன் கும்பெனியின் புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டவரும் இதே தாவூத் கான்தான்.

கோயில் பிராகாரத்தில் நின்றேன். தூண்களில் எண்ணெய்ப் பிசுக்கு. மதிலுக்கு வெளியே ஆட்டோ ஹாரன், அதற்கும் அப்பால் ரயில் சத்தம். சூரியன் வழிபட்ட தலம் என்று ஊரார் நம்பும் இந்தக் கோயிலையும் சுற்றியிருந்த வயல்களையும் ஒரு சன்னதில், அதாவது மானியப் பத்திரத்தில், எழுதிக் கைமாற்றினார்கள். உழுதவர்களை யாரும் கேட்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

கொடுத்ததும் நிலைக்கவில்லை. அடுத்து வந்த நவாப் சாதத்துல்லா கான் 1711இல் கிராமங்களைத் திருப்பிக் கேட்டார். கும்பெனி டில்லிக்கே தூது போனது. ஜான் சர்மன் தலைமையில் போனவர்கள் பாதுஷா பரூக்சியரிடம் பர்மான் எனும் அரசாணை வாங்கி வந்தார்கள். 1717இல் கவர்னர் காலெட் கிராமங்களைக் கைப்பற்ற, நவாப் தரப்பின் தயாராம் ஆட்களோடு வந்து எதிர்த்தார். லெப்டினன்ட் ரோச் தலைமையிலான கும்பெனிச் சிப்பாய்கள் அவர்களை விரட்டினார்கள். பெரிய போர் என்று சொல்ல முடியாத மோதல்தான். ஆனால் அதன்பின் இந்த ஊரின் குத்தகைப் பணம் கோட்டைக்குத்தான் போனது. அந்தக் காலெட் பெயரில் திருவொற்றியூரை ஒட்டி எழுந்த நெசவாளர் குடியிருப்புதான் இன்றைய காலடிப்பேட்டை.

இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைநழுவிய ஆட்சிக்கு முடிவு நாள் குறிப்பது கடினம். ஸ்பெயினின் கிரானடாவில் அப்படியில்லை. அங்கே முஸ்லிம் ஆட்சி முடிந்ததற்கு நாள் குறிக்கலாம்: 1492 ஜனவரி 2. அன்று சுல்தான் போவப்தில், பெர்டினாண்டிடமும் இசபெல்லாவிடமும் நகரை ஒப்படைத்தார். அதற்கு முன் இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக, அவ்வப்போது நின்றாலும், கிரானடா காஸ்டீல் அரசுக்குக் கப்பம் கட்டிவந்தது. இங்கே தலைகீழ். சென்னைப்பட்டணத்துக்காகக் கும்பெனிதான் நவாபுக்கு ஆண்டுக்கு 1,200 வராகன் கட்டிக்கொண்டிருந்தது. 1752இல் முகமது அலி வாலாஜா அதைத் தள்ளுபடி செய்தார். பிறகு அவரே கடனில் மூழ்கினார். பணம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று பார்த்தாலே ஆட்சி எப்படி முடிந்தது என்பது புரிந்துவிடும். பீரங்கிச் சத்தத்தை எண்ண வேண்டியதில்லை.

ஸ்டேஷனுக்குத் திரும்பும் வழியில் சரக்கு ரயில் ஒன்று நீளமாகக் கடந்தது. பூக்கார அம்மா சொன்ன திருவல்லிக்கேணிப் பக்கத்துக் கதையும் இதன் தொடர்ச்சிதான். முந்தைய நவாபுகள் மைசூரின் திப்புவோடு ரகசியக் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார்கள் என்று குற்றம்சாட்டி, 1801இல் புதிய நவாப் அசிமுத்தௌலாவிடம் ஒப்பந்தத்தில் கும்பெனி கையெழுத்து வாங்கியது. நிர்வாகமும் படையும் அதன் கைக்குப் போக, நவாபுக்கு வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சியது. 1855இல் நவாப் குலாம் கௌஸ் கான் பிள்ளையில்லாமல் இறந்தபோது நவாப் பட்டத்தையும் ரத்து செய்தார்கள். திருவல்லிக்கேணியை ஒட்டிய நவாபின் சேப்பாக்கம் அரண்மனையைப் பிறகு ஏலத்தில் அரசே எடுத்துக்கொண்டது. பட்டம் ரத்தானபோது, தாவூத் கான் வியாசர்பாடியைக் கொடுத்து 147 ஆண்டுகள் ஆகியிருந்தன.